எந்தக் கோவில் நம் கோவில்?

தோல் தொழிற்சாலை ஒன்றில் கிடைத்த கணக்கர் வேலையை நம்பி, தஞ்சைப் பகுதியிலிருந்து மேல்விஷாரத்திற்கு நாங்கள் குடிபெயர்ந்து ஓராண்டு ஆகின்றது. இசுலாமியப் பெருமக்கள் மிகுதியாக வாழும் ஊர் இது. பெட்டிகளை இறக்கிய அன்றே, அடுத்த வீட்டுப் பெரியவர் தேநீர் கொடுத்தனுப்பினார். "பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் நான் காட்டுகிறேன், தம்பி. உங்கள் கோவிலை மட்டும் நீங்கள்தாம் தேடிக்கொள்ள வேண்டும்" என்று சிரித்தார்.

தேடினோம். முதல் ஞாயிறு அருகிலிருந்த கோவிலுக்குச் சென்றோம். பூசை முடிந்ததும் அவரவர் தம் உறவினரோடு பேசிக் கலைந்தனர். முற்றத்தில் நெடுநேரம் நின்றோம், "யார் நீங்கள்?" என்று கேட்பார் எவருமில்லை. மனம் கசந்து, அடுத்தடுத்த ஞாயிறுகளில் வேறு ஊர்க் கோவில்களுக்குப் பேருந்து ஏறினோம். ஓரிடத்தில் பாடல் இனிமை. ஓரிடத்தில் மறையுரை சுருக்கம். பிள்ளைகள் கடைச் சரக்கைப் போலக் கோவில்களை ஒப்பிடத் தொடங்கினர். நாங்களும் அதைத் தடுக்கவில்லை.

ஒரு நாள் இரவு அம்மாவுக்கு மூச்சுத் திணறல் கண்டது. மருத்துவரிடம் காட்டி, விடியுமுன் வீடு திரும்பினோம். கட்டிலில் சாய்ந்தபடி அம்மா கேட்டார்: "எனக்கு நோயில்பூசுதல் கொடுக்க எந்தச் சாமியாரைக் கூப்பிட ஓடுவீர்கள்? எவருக்கு நம்மைத் தெரியும்?"

நாங்கள் வாயடைத்து நின்றோம்.

ஞாயிறு கடனைக் கத்தோலிக்கத் திருப்பலி நடைபெறும் எந்தக் கோவிலிலும் நிறைவேற்றலாம். ஆனால் பங்கு என்பது நமது விருப்பத்தால் அமைவதன்று. 1983ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, பொதுவாகப் பங்கிற்கு எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் வாழும் விசுவாசிகள் யாவரும் அதன் மக்கள். நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் குடியேறியவனுக்கு அன்றே அங்கு உறைவிடம் உண்டு. மூன்று மாதம் தங்க வந்தவனுக்கும் அங்கே ஒரு பங்குத்தந்தை உண்டு. அப்படியானால், நாங்கள் கசந்து வெளியேறிய அந்த முதற் கோவிலே எங்கள் கோவில்! நாங்கள் அதைத் தேர்ந்துகொள்ளுமுன்பே அது எங்களை ஏற்றுக்கொண்டிருந்தது.

மறு ஞாயிறு, பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழ்களுடன் பங்குத்தந்தையைக் கண்டோம். பெயர்களை எழுதியவர், ஊரைக் கேட்டதும் புன்முறுவல் செய்தார். "தஞ்சையா? வேலூர் மறைமாவட்டமும் தஞ்சை மறைமாவட்டமும் 1952 நவம்பர் 13 என்ற ஒரே நாளில் பிறந்தவை. நீங்கள் சகோதரி வீட்டிற்கு வந்திருக்கிறீர்கள்" என்றார். அவ்வாரமே வீடு தேடி வந்து அம்மாவுக்கு நற்கருணை வழங்கினார். இளைய மகள் இப்போது புது நன்மைக்கு ஆயத்தமாகிறாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்த ஊரில் முற்றத்தில் தனித்து நின்ற புதியவர் எத்தனையோ பேரை நாங்கள் கண்டதுண்டு. ஒருவரிடமேனும் ஊரும் பேரும் கேட்டதில்லை. எங்களைக் கடந்துபோனவர்கள் எங்களைவிடக் கெட்டவர்கள் அல்லர், எங்களைப் போன்றவர்களே.

இப்போது பூசை முடிந்ததும் சற்று நேரம் வாயிலருகே நிற்கிறோம். அன்பு வாசகரே, வரும் ஞாயிறு உங்கள் கோவில் முற்றத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு தேநீர் கொடுத்து அடுத்த வீட்டுப் பெரியவர் எங்களுக்குக் கற்பித்த பாடம் அது.