பசிக் கடிகாரம்

புனேயில் மொழியியல் ஆய்வு மேற்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன், ஆய்வின் ஐந்தாம் ஆண்டில், இரவு நேரங்களில் 'ரோக்' என்னும் பழைய கணினி ஆட்டத்தை ஆடத் தொடங்கினான். 1980ஆம் ஆண்டு வாக்கில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் இரு கலிபோர்னிய மாணவர்கள் உருவாக்கியது அது. பின்னர் கென் அர்னால்டும் இணைந்து அதை வளர்த்தார். அதில் படங்கள் இல்லை. எழுத்துகளும் குறிகளும் மட்டுமே. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் குறிதான் ஆட்டக்காரன். ஆங்கில நெடுங்கணக்கின் 26 பேரெழுத்துகளும் 26 வகை எதிரிகள். மொழியியல் மாணவனுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

நிலவறையின் 26ஆம் தளத்திலிருந்து ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு மேலேறி வரவேண்டும். ஒருமுறை இறந்தால் முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். தளங்களின் அமைப்பும் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிது. இந்தக் குடும்பத்து ஆட்டங்கள் அனைத்துக்கும் 'ரோக்லைக்' என்ற பெயர் இதிலிருந்தே வந்தது.

இவ்வகை ஆட்டத்தில் காலம் தானாக ஓடுவதில்லை. ஆட்டக்காரன் ஓரடி வைத்தால் உலகமும் ஓரடி நகரும்; அவன் சிந்தித்துக்கொண்டிருந்தால் அரக்கனும் காத்திருப்பான். கருணைமிக்க இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காயம்பட்டவன் ஒரு மூலையில் நின்று ஓய்வெடுத்தால் உடல் மெல்லத் தேறும். தொடக்க நிலையில் ஒரு புள்ளி மீள ஏறக்குறைய இருபது நகர்வுகள் ஆகும். ஓய்வுக்கு விலையே இல்லையென்றால், ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் முழுமையாகத் தேறிக்கொள்ளலாம். அதன்பின் எந்தச் சண்டையும் அடுத்த சண்டையைப் பாதிக்காது. கடினம் என்பதே பொருளற்றுப்போகும்.

ஓய்வுக்கு ஒரு விலை வேண்டும் என்பதற்காகவே பசி வைக்கப்பட்டது. ரோக்கின் பரவலான பதிப்பொன்றில் ஆட்டக்காரன் 1,300 நகர்வுகளுக்கான உணவை வயிற்றில் கொண்டு தொடங்குகிறான். எவ்வளவு உண்டாலும் வயிறு 2,000க்கு மேல் கொள்ளாது. இருப்பு 300க்குக் கீழே இறங்கினால் பசி, 150க்குக் கீழே சோர்வு, சுழியத்தைக் கடந்தால் மயக்கம், பிறகு மரணம்.

பசியைக் கூட்டினால் மட்டும் சமநிலை வந்துவிடுவதில்லை. உணவு மிகக் குறைந்தால், சுற்றிப் பார்ப்பதே குற்றமாகிவிடும். ஆட்டக்காரன் தன் பிழையால் அல்லாமல் பகடையின் போக்கால் சாவான். ரோக்கை உருவாக்கியவர்கள் இதற்கு எளிய விதியொன்றை எழுதினார்கள். புதிய தளங்களில் தொடர்ந்து மூன்று முறை உணவு கிடைக்காமல் போனால், நான்காம் முறை கட்டாயம் வைக்கப்படும். உணவு, கழிந்த காலத்தோடு பிணைக்கப்படவில்லை. இறங்கிய ஆழத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. நிற்பவன் பட்டினி கிடப்பான், இறங்குபவன் உண்பான்.

மாணவன் முதல் சில வாரங்களில் எதிரிகளிடம் தோற்றது குறைவு. பெரும்பாலும் பட்டினியால் இறந்தான். ஐந்தாம் தளத்தைத் தாண்டுமுன், மறைந்திருக்கும் கதவுகளைத் தேடிச் சுவர்களைத் தட்டிக்கொண்டே இருப்பான். இன்னும் ஓர் அறை இருக்கக்கூடும், அதில் நல்ல வாள் ஒன்று கிடைக்கக்கூடும், அதன்பின் இறங்கலாம் என்பது அவன் கணக்கு. இறங்கும் படிக்கட்டு பலமுறை கண்ணெதிரிலேயே இருந்தது.

பகலில் அவன் செய்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுவே. கட்கி பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் மராத்தியின் தாக்கம் குறித்தது அவன் ஆய்வு. போதிய பேச்சுப் பதிவுகள் மூன்றாம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டன. ஆயினும் இன்னொரு குடும்பம், இன்னொரு பாட்டி, இன்னொரு கட்டுரை என்று முதல் இயலையே அவன் சுற்றிவந்தான். பதிவு செய்வது அவனுக்குப் பழகிய வேலை. அதில் தோல்வி இல்லை. பகுப்பாய்வு இயலில்தான் தவறாகச் சொல்லிவிடும் அபாயம் இருந்தது.

அவன் வாழும் நகரமும் அப்பொறுமைக்குச் சான்று கூறுவதுபோல் இருந்தது. புனேயின் டெக்கான் கல்லூரியில் சமஸ்கிருதத்துக்கான வரலாற்று முறைப் பேரகராதிப் பணி எஸ். எம். கத்ரேயின் தலைமையில் 1948இல் தொடங்கியது. சுமார் 1,500 நூல்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி குறிப்புச் சீட்டுகள் தொகுக்கப்பட்டன. முதல் தொகுதியின் அச்சு 1976இல்தான் தொடங்கியது. பல தொகுதிகள் வெளிவந்த பின்னும் பணி அகரத்திலேயே நீண்டுகொண்டிருந்தது. அந்தச் சீட்டறையைப் பார்த்துத் திரும்பும் எந்த ஆய்வாளனுக்கும் தன் தாமதம் சிறியதாகவே தோன்றும். ஆனால் தொடங்கியவர்கள் ஓய்வுபெற்ற பின்னும் அடுத்த தலைமுறை அந்த அகராதியைத் தொடர்கிறது. நிறுவனத்தின் வயிறு வேறு, தனியாளின் வயிறு வேறு.

தனியாளின் கணக்கு வெளிப்படையானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆய்வு உதவித்தொகை 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அடுத்த மூன்றாண்டுகளுக்கு 42,000 ரூபாய். ஐந்தாண்டோடு அது முடிந்துவிடும். முனைவர் பட்டத்துக்கோ 2022ஆம் ஆண்டு விதிகள் ஆறாண்டு வரை இடமளிக்கின்றன. மறுபதிவின் மூலம் மேலும் இரண்டாண்டு நீட்டிக்கலாம். அதாவது உணவு, கடந்த மாதங்களைப் பார்த்து வருகிறது. இறங்கிய தளங்களைப் பார்த்தன்று. எளிய மேல்தளங்களில் பை நிறைந்திருக்கிறது. எழுதி முடிக்கவேண்டிய அடித்தளங்களில் பை காலியாக இருக்கிறது. எந்த ஆட்ட வடிவமைப்பாளரும் இதைச் சமநிலை என்று சொல்லமாட்டார்.

இங்கே ஆட்டத்தை மிகையாகப் புகழவும் வேண்டியதில்லை. 'டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப்' என்னும் பிற்கால ஆட்டம், 2021இல் வெளியான பதிப்பில் பசியை முற்றாக நீக்கிவிட்டது. தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் உணவு மிஞ்சியே கிடந்தது. பசி அவர்களுக்கு நெருக்கடியாக இல்லாமல் வெறும் தொல்லையாக இருந்தது. அதற்கு மாற்றாக, ஒரே பகுதியில் அளவுகடந்து தங்குவோரை மட்டும் தண்டிக்கும் வேறொரு கடிகாரம் வந்தது. பட்டினி போடாமலும் முன்னே நகர்த்தலாம் என்பதற்கு அது சான்று.

மாணவனின் தாய் திருநெல்வேலியிலிருந்து நாள்தோறும் இரவில் அழைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாப்பிட்டியாப்பா?" எப்போது முடியும் என்று அவர் கேட்டதே இல்லை. உதவித்தொகையின் கடைசி நான்கு மாதங்கள் எஞ்சியிருந்தபோது, அந்தக் கேட்காத கேள்விதான் அவனுக்கு மிகவும் கனத்தது.

அவ்வாரம் அவன் புதிய பதிவுகளை நிறுத்தினான். பகுப்பாய்வு இயலின் முதல் வரைவை, இரு பகுதிகள் வெறுமையாகவே இருக்க, நெறியாளருக்கு அனுப்பினான். பதில் பத்து நாளில் வந்தது. ஓரங்களெல்லாம் சிவப்புக் குறிப்புகள். ஓர் அடிப்படை வாதமே தவறு என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அன்றிரவு ஆட்டத்தில் அவன் பதினோராம் தளம் வரை சென்று, ஒரு பூதத்திடம் அடிபட்டு இறந்தான். பையில் அப்போது உணவு மிச்சமிருந்தது.

இரண்டும் தோல்விகளே. எனினும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தபோது வந்த தோல்விகள் அவனுக்கு எதையும் கற்றுத்தரவில்லை, இவை கற்றுத்தந்தன. மறுநாள் அவன் தவறான வாதத்திலிருந்தே எழுதத் தொடங்கினான். நான்கு மாதத்துக்குள் முடியுமா என்பது இன்னும் தெரியாது.

அவன் தன் பங்கைச் செய்துவிட்டான். எஞ்சியிருப்பது தளங்களை அமைப்பவர்களின் பங்கு. ஆண்டறிக்கையைப் பெற்றுக் கையொப்பமிடும் நெறியாளர்களும் துறைகளும், மாணவன் எத்தனை மாதம் கழித்தான் என்பதோடு எந்தத் தளத்தில் நிற்கிறான் என்பதையும் கேட்கலாம். மூன்று தளங்கள் வெறுங்கையோடு இறங்கியவனுக்கு நான்காவதில் ஒருபிடி உணவு வைக்கவேண்டும் என்று ஒரு விளையாட்டுக்குத் தோன்றியது, ஒரு கல்வி அமைப்புக்கும் தோன்றக்கூடாதா?