அரசரடியில் கேட்ட கேள்விகள்

"தம்பி, படிச்சுட்டு வா. ஆனா விசுவாசத்தை அங்கேயே விட்டுட்டு வந்துராதே" என்று சொல்லித்தான் எங்கள் சபையின் மூத்த உபதேசியார் என்னை மதுரைக்கு அனுப்பினார். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அன்றைக்கு இந்தப் பயம் பரவலாகவே இருந்தது. செமினரிக்குப் போகிற பையன்கள் வேதத்தைக் கேள்வி கேட்கப் பழகி வந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். கேள்வி கேட்கப் பழகினோம் என்பது உண்மைதான். அந்தக் கேள்விகளின் நடுவில்தான் நான் ஜெபிக்கவும் கற்றேன். அதை அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை. நான் குருப்பட்டம் பெறும் முன்பே அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்.

மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சி.எஸ்.ஐ. சபையாரும் லுத்தரன் சபையாரும் கைகோத்து 1969-இல் உருவாக்கியது. பட்டம் தருவது செராம்பூர். கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818-இல் ஹூக்ளிக் கரையில் ஆரம்பித்த அந்தக் கல்லூரிக்கு, பட்டம் வழங்கும் உரிமை 1827-இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்தால் வந்தது. தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவை அனுப்பியதும் ஒரு டென்மார்க் அரசர்தான். அந்தச் சின்ன நாட்டுக்கும் நமக்கும் எத்தனை தொடர்பு என்று வரலாற்று வகுப்பில் உட்கார்ந்து வியந்திருக்கிறேன்.

நான் சேர்ந்தது 1990-களின் தொடக்கத்தில். பி.டி. என்ற இறையியல் பட்ட வகுப்பில் எல்லாரும் ஏற்கெனவே ஒரு டிகிரி வாங்கியவர்கள். வேதியியல் படித்தவன் இருந்தான், வணிகவியல் படித்தவன் இருந்தான், வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்த அண்ணன் ஒருவரும் இருந்தார். படிப்பு தமிழில். அது எவ்வளவு பெரிய கொடை என்று அப்போது புரியவில்லை. ஆங்கிலத்தில் படித்திருந்தால் நான் பதில்களை மனப்பாடம் செய்திருப்பேன். தமிழில் படித்ததால் சண்டை போட முடிந்தது.

அதிகாலையில் வென்ஹாமின் கிரேக்க இலக்கணத்தை விரித்து வைத்துக்கொண்டு "லூஓ, லூஎய்ஸ், லூஎய்" என்று ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே ஒப்பிப்போம். பக்கத்து அறையில் எபிரெயம் ஓடும். எபிரெயம் எனக்குக் கடைசிவரை முழுதாகப் பிடிபடவில்லை. கிரேக்கம் பிடித்தது.

முதல் வருடம் ஒரு நாள், மாற்கு சுவிசேஷத்தின் முடிவு பற்றிய பாடம். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அந்தச் சுவிசேஷம் பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். உயிர்த்தவர் காட்சி தருவதும், சீஷர்களை உலகெங்கும் அனுப்புவதும், பரமேறுவதும், ஞாயிறு பள்ளியில் நாங்கள் ஒப்பித்துப் பரிசு வாங்கிய வசனங்களும் அதற்கு அப்பால் வருகிறவை, பிற்பாடு சேர்ந்தவை என்று பாடம் நடத்திய ஐயா பொறுமையாக விளக்கினார். அன்றிரவு மெஸ்ஸில் யாரும் சரியாகப் பேசவில்லை. அறைக்கு வந்ததும் என் அறைத்தோழன் ஆரம்பித்தான். கடைசி ஏடு கிழிந்து தொலைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த மனுஷன் நற்செய்தியைப் பயத்தில் கொண்டுபோய் முடிப்பான் என்றான். இல்லை, மாற்கு அங்கேதான் நிறுத்தினார், மிச்சத்தைச் சொல்ல வேண்டியது வாசிக்கிறவன் பொறுப்பு என்றேன் நான். நள்ளிரவு தாண்டியும் போயிற்று. எதிர் அறை அண்ணன் வந்து லைட்டை அணைக்கச் சொன்னார். விவாதம் முடியாமலே அவரவர் கட்டிலருகே முழங்காலிட்டோம். அந்த ஜெபத்தில் இருந்த உண்மை அதற்கு முன் என் ஜெபங்களில் இருந்ததில்லை.

பரட்டை அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்ல முடியாது. எங்கள் ஆசிரியர்களில் ஒருவர், தியோபிலஸ் அப்பாவு என்பது அவர் பெயர். நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறை ஒன்றையே உருவாக்கியவர். எங்கள் சபைகளில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடுவது பெருமை, வெள்ளைக்காரர் மெட்டில் பாமாலை பாடுவது மரியாதை. சேரியில் பிறந்து வளர்ந்த விசுவாசியின் மெட்டும் தாளமும் மட்டும் கோயில் வாசலுக்கு வெளியே நின்றன. அந்தத் தாளத்தை அவர் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கிராமத்துப் பாட்டைப் பாடுகிறவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், அதனால் அதில் சொல்லப்படும் இறையியலும் அவர்களுடையதாகவே இருக்கும் என்பது அவருடைய வாதம். ஒரே உலையில் எல்லாரும் அரிசி போட்டுப் பொங்கிச் சாப்பிடுவதைத் திருவிருந்தோடு சேர்த்துப் பேசுவார். யார் வீட்டில் யார் கை நனைப்பது என்று கணக்குப் பார்க்கும் ஊரில், அதைவிடக் கடினமான கிறிஸ்தவ போதனை எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

வளாகத்தை விட்டு வெளியே போய் ஜனங்களோடு குடியிருந்து படித்த காலமும் உண்டு. வைகைக் கரையோரம் ஒற்றை அறை. குழாயில் ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் தண்ணீர் வரும். தெருவே குடங்களோடு வரிசையில் நிற்கும், நாங்களும் நிற்போம். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, இட்லி சுட்டு விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றியவள், அந்த வரிசையில் நின்றபடி ஒரு நாள் கேட்டாள்: "சாமியப் பத்திப் படிக்கிறீங்களாமே தம்பி, எம் மூத்த புள்ள ஏன் செத்துச்சுன்னு அந்தப் புஸ்தகத்துல இருக்கா?" குத்தியேரெஸ் 1971-இல் எழுதிய விடுதலை இறையியல் நூலைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வாரம் அது. இல்லக்கா என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, என் குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தாள்.

பிற்பாடு சாவு வீடுகளில் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். காரணம் சொல்ல மட்டும் நான் துணிந்ததில்லை.

மௌனத்தைக் கற்றது வேறு இடத்தில். திண்டுக்கல், மணப்பாறை வழியாகக் குளித்தலைக்குப் பஸ் பிடித்துத் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்துக்குப் போனோம். மோன்சனேன், லெ சோ என்ற இரு கத்தோலிக்கக் குருக்கள் 1950-இல் காவிரிக் கரையில் தொடங்கிய ஆசிரமம். 1968 முதல் அதை நடத்திய பீட் கிரிஃபித்ஸ் 1993 மே மாதம் காலமாகியிருந்தார். நாங்கள் போனது அதற்கு மறு வருடம், அவர் கல்லறையைத்தான் பார்த்தோம். காலையில் நெற்றிக்குச் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்தவன் நெற்றியில் விபூதி! சாம்பல் புதனுக்குக்கூட நெற்றியில் பூசிப் பழக்கமில்லாத எனக்குக் கை நடுங்கியது. சூரியன் சாயும் நேரம் பேசாமல் உட்காரச் சொன்னார்கள். ஜெபம் என்றால் வாய் விட்டுப் பேசுவது என்று வளர்ந்தவர்கள் நாங்கள், ஐந்து நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாது. முதல் மாலை அவஸ்தை. அடுத்த மாலை ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது, கேட்பதற்கு எதுவும் இல்லாமலே கடவுள் முன் இருக்கலாம் என்று தெரிந்தது. செராம்பூர் தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது. நான் படித்த படிப்பில் பாதி அது.

பரட்டை அண்ணன் 2005-இல் போய்விட்டார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஐயாமார் பலர் இப்போது இல்லை. கல்லூரி இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். எனக்கு இழப்பாகத் தெரிவது அந்தக் கூட்டு வாழ்க்கைதான். ஊழியத்துக்கு வந்தபின் போதகரிடம் எல்லாரும் பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மேல்சட்டை கழற்றிப் போட்டுவிட்டு, "எனக்குச் சந்தேகமா இருக்குடா" என்று சொல்ல ஓர் அறை வேண்டும். பாஸ்டரேட் கணக்கு, கமிட்டி, மண்டபத்துக்குக் கூரை என்று ஓடும் நாட்களில் அந்த அறைக்காக நான் ஏங்குகிறேன்.

அறைத்தோழன் இப்போது மலையோரச் சபை ஒன்றில் ஆயராக இருக்கிறான். ஈஸ்டருக்கு முந்தின வாரம் போன் செய்வான். இந்த வருடமும் செய்தான். நலம் விசாரித்து முடிந்ததும், "அந்தக் கடைசி ஏடு தொலைஞ்சுதான் போச்சு, நீ இன்னும் ஒத்துக்க மாட்டியா?" என்றான். மாட்டேன் என்றேன்.