குவியலின் அடியில் இருக்கும் ஈரம்

வளைகுடா நாடுகளின் கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் பணிபுரிகின்றனர். என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "கணினியில் கட்டடம் வரைகிறோம்" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வேலையில் நாள்தோறும் எதிர்ப்படும் ஒரு சிக்கல், மார்க்கம் நமக்குக் கற்பித்த வணிக ஒழுங்கோடு நேரடித் தொடர்புடையது. ஆகவே அதைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

இன்று பெரிய கட்டடங்கள் வெறும் கோடுகளாக வரையப்படுவதில்லை. முப்பரிமாண மாதிரிகளாக உருவாக்கப்படுகின்றன. துபாய் மாநகராட்சி 2014 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு இம்முறையைக் கட்டாயமாக்கியது. இம்மாதிரியில் சுவர் என்பது இரண்டு கோடுகளன்று. அதன் தடிமன், அது எப்பொருளால் ஆனது, எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும், எந்தக் கதவு அதில் பொருந்தியுள்ளது என்பன யாவும் அதனுள்ளேயே பதிவாகியிருக்கும்.

ஆனால் கட்டடக் கலைஞர் ஆர்க்கிகேடில் வேலை செய்வார். பொறியாளர் ரெவிட்டில் செய்வார். ஒன்றின் கோப்பை மற்றொன்று முழுமையாகப் படிப்பதில்லை. இரண்டுக்கும் பொது மொழியாக ஐ.எஃப்.சி. என்னும் கோப்பு வடிவம் 1990களில் உருவாக்கப்பட்டு, 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அக்கோப்பை நோட்பேடில் திறந்தால்கூட வரிவரியாகப் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். எனினும் அதன் வழியே வடிவம் கடந்து செல்லும் அளவுக்குப் பொருள் கடந்து செல்வதில்லை. சாய்வான சுவர் ஒன்று, மறுபக்கத்தில் அசைக்கவோ திருத்தவோ இயலாத வெறும் திண்மமாக வந்து சேரலாம். ஏற்றுமதி அமைப்பில் தீத்தாங்கும் நேரத்தை உரிய இடத்தோடு இணைக்காவிட்டால், அக்கட்டம் காலியாகவே போய்ச் சேரும். மருத்துவமனை ஒன்றின் மாடிப்படியைச் சூழ்ந்த சுவர் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டியது என்பதை அறியாத அடுத்தவர், அதில் சாதாரணக் கதவைப் பொருத்திவிடக்கூடும். திரையிலோ எல்லாம் அழகாகத் தெரியும். எப்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் குறையேதும் தென்படாது.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் நபியவர்கள். மழை அவ்வணிகரின் செயலன்று. ஈரத்தை அடியில் விட்டுவைத்ததே அவர் செயல். மென்பொருள் தகவலை விழுங்கியதும் நம் செயலன்று என்றே நாமும் சொல்லிக்கொள்ள முடியும். அறிந்த குறையைச் சொல்லாமல் கோப்பை அனுப்புவது மட்டும் நம் செயலாகிறது.

பள்ளிவாசல் மாதிரிகளில் இது இன்னும் கூர்மையாகிறது. மாதிரியில் இரண்டு வடக்குகள் உண்டு: தாளில் வரைய வசதியாக வைத்துக்கொண்ட வடக்கு ஒன்று, உண்மையான வடக்கு மற்றொன்று. இரண்டாவது தனியே ஒரு திசைக்குறிப்பாகப் பதிவாகிறது. பெறுபவர் அதைக் கவனியாவிட்டால் மிஹ்ராபின் திசை பற்றிய கணக்கே பிசகிவிடும். சென்னையில் கிப்லா நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. துபாயிலோ ஏறத்தாழ 12 பாகை தெற்கே. ஆகவே பழக்கத்தைக் கொண்டு பிழையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. (குவிமாடத்தின் கதை வேறு. ஸ்கெட்ச்அப்பில் வட்டம் என்பதே இயல்பாக 24 பக்கங்கள் கொண்ட பலகோணம்தான். அங்கிருந்து வரும் குவிமாடம் உளியால் செதுக்கியதுபோல் பட்டை பட்டையாக இருக்கும். அது கண்ணுக்குத் தெரியும் குறை என்பதால் ஆபத்தும் குறைவு.)

எங்கள் வழக்கம் எளியது. ஏற்றுமதி செய்த கோப்பை வேறொரு மென்பொருளில் நாங்களே திறந்து பார்க்கிறோம். தளத்துக்குத் தளம் சுவர்களையும் கதவுகளையும் எண்ணுகிறோம். இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட, ஏற்கெனவே அறிந்த தூரத்தை அளக்கிறோம். வடக்கையும் தீத்தாங்கும் நேரத்தையும் சரிபார்க்கிறோம். பின்னர் எவை சரியாகச் சென்றன, எவை செல்லவில்லை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கோப்போடு சேர்த்து அனுப்புகிறோம்.

நம் குறையை நாமே ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் மேலாளர்களும் உண்டு. எழுதிக் கொடுத்ததனால் வேலை போனதாக நாங்கள் கண்டதில்லை. குறிப்பைப் பெற்றவர்கள் பெரும்பாலும் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: தீத்தாங்கும் நேரங்களை மட்டும் தனி அட்டவணையாக அனுப்ப இயலுமா என்று. அது பத்து நிமிட வேலை.