கூப்பர் கரைப் பயணம் – 6: நீறு பூத்த நெருப்பில் ஒரு ரொட்டி

டேம்பர் என்பது ஆஸ்திரேலியக் காட்டுவெளியின் ரொட்டி. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மூன்றையும் பிசைந்து, எரிந்து அடங்கிய நெருப்பின் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டெடுப்பது. அடுப்போ பாத்திரமோ ஈஸ்டோ இதற்குத் தேவையில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் சென்றவர்களுக்கும், வேலி போடப் போனவர்களுக்கும், படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வேலை தேடி நடந்த ‘ஸ்வாக்மேன்’களுக்கும் அன்றாடச் சாப்பாடு இதுதான். இராத்திரி முழுக்க நெருப்பு அணையாமலும் எரியாமலும் இருக்கச் சாம்பலால் மூடி அடக்கி வைப்பதை ஆங்கிலத்தில் ‘டேம்ப்’ செய்வது என்பார்கள். அப்படி அடக்கிய நெருப்பில் வெந்ததால் டேம்பர் என்று பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். தமிழில் நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, அதுவேதான்.

இந்த ரொட்டிக்குப் பின்னால் ஒரு கூலிக்கணக்கும் உண்டு. பண்ணை வேலைக்காரர்களுக்கு வாரந்தோறும் அளந்த படியை ‘பத்து, பத்து, இரண்டு, கால்’ என்று சொல்வது வழக்கமாக இருந்தது: 10 ராத்தல் மாவு, 10 ராத்தல் இறைச்சி, 2 ராத்தல் சர்க்கரை, கால் ராத்தல் தேயிலை. இன்றைய கணக்கில் மாவு மட்டும் நாலரைக் கிலோ. ஒரு மனிதன் ஏழு நாளும் அதை என்ன செய்வான்? சுட்ட ரொட்டி வெயிலில் இரண்டு நாளில் காய்ந்து கல்லாகிவிடும். மாவு நனையாமல் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. அதனால் மாவைச் சுமந்துபோய், தங்கும் இடத்தில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் சுட்டுக்கொண்டார்கள். ஈஸ்ட் இந்த வாழ்க்கைக்கு ஒத்துவரவில்லை. அது உயிருள்ள பொருள். சீரான சூடும் பல மணி நேர ஓய்வும் கேட்கும். விடிந்தால் நடையைக் கட்டவேண்டியவனிடம் அந்த நேரம் ஏது?

ஆரம்பக் கால டேம்பரில் பொங்க வைக்க எதுவுமே கிடையாது. அது கனத்த, அடர்ந்த ரொட்டி. பிறகு ஆப்பசோடா வந்தது. நம் வீட்டு ஆப்பத்தையும் போண்டாவையும் உப்ப வைக்கிற அதே சோடாதான். அதனுடன் புளிப்புள்ள பொருள் ஒன்று ஈரத்தில் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். மாவுக்குள் அந்த வாயு சிக்கிக்கொண்டு நூறு நூறு சிறு அறைகளை உண்டாக்கும். புளிப்புக்கு டார்ட்டர் உப்பைச் சேர்ப்பார்கள். திராட்சை மது நொதிக்கும் பீப்பாய்களின் உட்புறம் படிவது அது. சோடாவையும் புளிப்புப் பொருளையும் முன்கூட்டியே மாவில் கலந்து விற்கும் ‘செல்ஃப் ரெய்சிங்’ மாவுக்கு 1845-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ரொட்டிக்காரர் ஹென்றி ஜோன்ஸ் காப்புரிமை பெற்றார். இன்று ஆஸ்திரேலியாவில் டேம்பர் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் எடுப்பது இந்த மாவைத்தான்.

தென் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இனமிங்கா, டேம்பர் சுடுவதற்கென்றே அமைந்த ஊர் போலத் தெரிகிறது. லிண்ட்ஹர்ஸ்ட்டிலிருந்து ஸ்ட்ரெலெக்கி பாதையில் சுமார் 470 கி.மீ. வந்தால் கூப்பர் கிரீக் குறுக்கிடும். ‘கிரீக்’ என்றால் ஓடை. ஆனால் வெள்ளக் காலத்தில் இது மைல் கணக்கில் அகன்று பரவும் ஆறு. மற்ற நாட்களில் தனித்தனி மடுக்களாக நின்றுவிடும். கரை நெடுகிலும் ரிவர் ரெட் கம், கூலிபா மரங்கள். ஜூலை மாதத்தில் நாங்கள் அந்தக் கரையில் கூடாரம் அடித்தபோது பகல் இதமாக இருந்தது. இருட்டியதும் கைவிரல் விறைக்கும் குளிர். நெருப்பில்லாமல் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எதையாவது சுடாமல் இருக்கவும் முடியாது.

நெருப்பு மூட்டுவதில் முதல் செய்தி விறகு. தென் ஆஸ்திரேலியப் பூங்காக்களில் விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. பல்லிக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் வீடு அந்தக் கட்டைகளே என்பதால் அந்தத் தடை. அது சரியான தடைதான். விறகை வழியிலேயே வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கோடையில் பெருந்தீ அபாயத்தால் திறந்தவெளி நெருப்புக்கே தடை இருக்கும். விறகு வைரம் பாய்ந்த கட்டையாக இருக்கவேண்டும். ரெட் கம், முல்கா, கிட்ஜி போன்றவை நின்று எரிந்து கெட்டியான தணலைத் தரும். மெல்லிய மரம் சடசடவென்று எரிந்து சாம்பலாகிவிடும். அதில் தேநீர் கொதிக்கும், ரொட்டி வேகாது. ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கல்லை நெருப்பைச் சுற்றி அடுக்குவது ஆபத்து. உள்ளே புகுந்த நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும்.

புதிதாகச் சுடுகிறவர்கள் தவறுவது பொறுமையில். கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு ரொட்டிக்குப் பகை. மேலே கருகும், நடுவில் பச்சையாக நிற்கும். எங்கள் முதல் ரொட்டி அப்படித்தான் ஆனது. தட்டிப் பார்க்காமல் அவசரமாகப் பிட்டபோது நடுவில் கோந்து மாதிரி மாவு விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது. விறகு ஒரு மணி நேரமாவது எரிந்து, சுவாலை அடங்கி, தணல் சிவந்து, அதன் மேல் வெள்ளை நீறு படியத் தொடங்கும்போதுதான் நெருப்பு தயார். ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணவேண்டும். நாலைந்து எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் சூடு சரி. ஒன்றிலேயே இழுத்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

அந்த இடைவேளையில் மாவைப் பிசையக் கூடாது. காய்ந்த மாவையும் உப்பையும் கலந்து தயாராக வைத்திருந்து, தணல் பக்குவப்படும்போதுதான் தண்ணீர் விடவேண்டும். நீர் பட்ட கணமே சோடாவின் வேலை தொடங்கிவிடும். தாமதித்தால் வாயு எல்லாம் வெளியேறி ரொட்டி தட்டையாகும். மூன்று நான்கு பேருக்கு 450 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். சாதாரண மைதாவானால் ஒரு கோப்பைக்கு, அதாவது 150 கிராமுக்கு, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். கால் லிட்டர் தண்ணீரில் தொடங்கி, போதாவிட்டால் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். கையில் வெண்ணெய் இருந்தால் ஒரு பிடி தேய்த்துக்கொள்வதில் தவறில்லை, ரொட்டி மிருதுவாகும். பரோட்டா மாவைப்போல அடித்து இழுத்துப் பிசையவே கூடாது. அடிக்க அடிக்கக் கோதுமையின் பசைப்புரதம் இழை இழையாகக் கோத்துக்கொள்ளும். பரோட்டாவுக்கு அது பலம். இங்கே ரொட்டி ரப்பராகிவிடும். மாவு ஒன்றுகூடி உருண்டையானதும் கையை எடுத்துவிடவேண்டும்.

சாம்பலில் சுடும் பழைய முறைக்கு உருண்டையை மூன்று விரற்கடை கனத்தில் தட்டி, மேலும் கீழும் காய்ந்த மாவைத் தாராளமாகத் தூவுவார்கள். நீண்ட குச்சியால் தணலை ஒதுக்கினால் கீழே சுட்ட மணலும் மெல்லிய சாம்பலும் சேர்ந்த படுக்கை தெரியும். அதில் ரொட்டியை வைத்து, மேலே சாம்பல், அதன் மேல் தணல். மாவின் வெளிப்பக்கம் சாம்பலின் சூட்டில் சில நிமிடங்களிலேயே தோல் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சாம்பல் ஒட்டுவதில்லை. சாம்பல் சூட்டை மெல்லக் கடத்துவதால் தணலின் உக்கிரம் நேராகத் தாக்காது. உள்ளே 60, 70 டிகிரியில் மாவுச்சத்து நீரைக் குடித்து வீங்கும். நடுப்பகுதி 95 டிகிரியை நெருங்கும்போது ரொட்டி வெந்திருக்கும். ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். வெளியே எடுத்து அடிப்பக்கத்தில் விரல் கணுவால் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டியது போல ‘டொக்’ என்று கேட்கவேண்டும். அந்த ஓசை மந்தமாக இருந்தால் மறுபடி சாம்பலுக்குள்.

இன்று அதிகம் பேர் பயன்படுத்துவது ‘கேம்ப் அவன்’ என்கிற வார்ப்பிரும்புச் சட்டி. மூடியின் விளிம்பு உயர்ந்திருக்கும், மேலே வைத்த தணல் சரியாமல் இருக்க. பிரியாணிக்கு மூடி மேல் தணல் போட்டு தம் வைப்பவர்களுக்கு இந்தச் சட்டி வேலையை விளக்கவே வேண்டாம். அடியில் ஒரு பங்கு தணல், மேலே இரண்டு பங்கு. கீழ்ச்சூடு நேராக இரும்பில் ஏறுவதால் அது குறைவாகத்தான் இருக்கவேண்டும். சட்டிக்குள் ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்க்கலாம். மெதுவாகப் பொன்னிறமானால் ரொட்டியை வைக்கலாம். உடனே கருகினால் சட்டியை எடுத்து ஆறவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது குச்சி டேம்பர். மாவைக் கயிறுபோலத் திரித்துக் குச்சியில் சுற்றித் தணல் மேல் திருப்பித் திருப்பிச் சுடுவது. குச்சியை உருவிய ஓட்டைக்குள் கோல்டன் சிரப்பை ஊற்றுவார்கள். பொன்னிறக் கரும்புப் பாகு அது. ‘காக்கீஸ் ஜாய்’ என்று செல்லப்பெயர். சிறு விவசாயியின் சந்தோஷம் என்று பொருள். குச்சி எந்த மரத்தினது என்று தெரியாமல் ஒடித்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் வளர்கிற அரளியின் குச்சி விஷம்.

சாம்பல் டேம்பரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கத்தி படாமல் கையால் பிய்ப்பதே வழக்கம். மேல்தோல் கெட்டியாக, லேசாகப் புகை வாசத்துடன் நொறுங்கும். உள்ளிருந்து ஆவி எழும். உள்சதை வெள்ளையாக, பன்னைவிடக் கனமாக, இட்லியைவிடப் பொருக்காக இருக்கும். பக்கத்தில் ‘பில்லி’ என்கிற தகரக் குவளையில் கொதித்த தேநீர். சூடாகத் தின்றால் இதற்கு ஈடில்லை. மறுநாள் காலையில் அதையே தின்பது பசிக்காக மட்டும்தான்.

வெள்ளைக்காரர்கள் மாவு மூட்டையோடு வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் சாம்பலில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. நியூ சவுத் வேல்ஸின் கடி ஸ்பிரிங்ஸில் கிடைத்த அரைகற்களில் புல் விதை அரைத்த தடயங்கள் ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமை உடையவை. விவசாயம் வந்த பிறகே ரொட்டி வந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்ததை இத்தகைய சான்றுகள் அசைத்துவிட்டன. ஜோர்டானின் கருங்கல் பாலைவனத்தில் ஒரு வேட்டைக்குடியின் நெருப்புக்குழியில் கிடைத்த கருகிய ரொட்டித் துணுக்குகள் சுமார் 14,400 ஆண்டு பழையவை என்று 2018-இல் அறிவித்தார்கள். அங்கே விவசாயம் வருவதற்கு நாலாயிரம் ஆண்டு முந்தியவை அவை.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பெண்கள் காட்டுத் தினையையும் வாட்டில் மர விதையையும் தண்ணீர் தெளித்து அரைத்தார்கள். மாவு கூழாகக் கல்லிலிருந்து வழியும். உலர்மாவு திரிக்கும் ஐரோப்பியத் திருகையைவிட நம் ஆட்டுக்கல்லுக்கே இது நெருக்கம். 1835-இல் டார்லிங் ஆற்றோரம் சென்ற நில அளவையாளர் தாமஸ் மிச்செல், விதைக்காகப் பிடுங்கிய புல் வைக்கோற்போர்கள் போல வெகுதூரம் குவிந்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பின்னர் ஆடுமாடுகள் அந்தப் புல்வெளிகளை மேய்ந்தன. பண்ணைகளிலும் மிஷன்களிலும் படியாக அளந்த வெள்ளை மாவு, விதைகளின் இடத்தைப் பிடித்தது. டேம்பரைப் பற்றி எழுதும்போது இந்த இழப்பைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

கூப்பர் கரையில் இந்த அறிவின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. மெல்போர்னிலிருந்து 1860 ஆகஸ்ட் 20 அன்று புறப்பட்ட பர்க், வில்ஸ் குழுவினர் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்து, 1861 ஏப்ரல் 21 மாலை இங்கிருந்த தங்கள் முகாமுக்குத் திரும்பினார்கள். காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள். உணவு தீர்ந்தபோது அந்தக் கரையின் பழங்குடிகளான யான்ட்ருவாந்தா மக்கள் மீனும், நார்டூ மாவில் சுட்ட அடைகளும் கொடுத்தார்கள். நார்டூ என்பது ஒரு நீர்ப்பெரணி. நம் வயல் வரப்பில் நாலு இலையோடு நிற்கும் ஆரைக்கீரையின் இனம். நாம் அதன் இலையைச் சமைக்கிறோம். அவர்கள் பட்டாணிபோல் கெட்டியான அதன் வித்துக்காய்களை அரைத்தார்கள்.

பர்க் அந்த மக்களைத் துப்பாக்கியால் மிரட்டியதும் அவர்கள் விலகிப்போனார்கள். பிறகு பர்க், வில்ஸ், ஜான் கிங் மூன்று பேரும் தாங்களே நார்டூ பொறுக்கி அரைத்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடம்போ நாளுக்கு நாள் தளர்ந்தது. அந்தக் காயில் உயிர்ச்சத்து பி1-ஐ அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. யான்ட்ருவாந்தா பெண்கள் நீர்விட்டு அரைத்து, சாம்பலில் சுட்ட முறையில் அதன் வீரியம் குறைந்திருக்கவேண்டும் என்றும், முறை தெரியாமல் தின்றவர்களை அதுவே பெரிபெரியில் வீழ்த்தியது என்றும் பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜூன் இறுதியை ஒட்டி பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். ஜான் கிங் மட்டும் யான்ட்ருவாந்தா குடும்பங்களோடு போய்ச் சேர்ந்து, அவர்கள் சமைத்ததை உண்டு பிழைத்தார். செப்டம்பரில் தேடி வந்த ஹோவிட்டின் குழு அவரை உயிரோடு கண்டது. அவர் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் இன்று ஒரு குறிக்கல் நிற்கிறது. அதன் அருகே தணிந்து ஓடும் நீரின் விளிம்பில், வெள்ளம் வடிந்த சேற்றில், நார்டூ இன்னமும் முளைக்கிறது.

ரொட்டி எடுத்தபின் மிச்சமிருக்கும் வேலை நெருப்பை அணைப்பது. பழைய ஸ்வாக்மேன் சாம்பலை மூடி நெருப்பைக் காப்பாற்றினான், விடியலில் ஊதினால் மறுபடி பற்றிக்கொள்ளும் என்று. இன்றைய முகாம்களில் அப்படிச் செய்யக் கூடாது. மணல் போட்டு மூடிய தணல் எட்டு மணி நேரம் கழித்தும் தோலைப் பொசுக்கும் சூட்டோடு இருக்கும். மேலே பார்த்தால் வெறும் மண். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் அதில் மிதித்து வெந்துபோகிறார்கள். ஆகவே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய் சூடு தெரியவில்லை என்று உறுதியான பிறகே அந்த இடத்தைவிட்டு நகரவேண்டும்.