எட்டுக் கண் இருந்தும்

எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் எனக்குப் பயம். கடித்துவிடும் என்பதற்காக அல்ல. எட்டுக் கண்ணாலும் அது என்னையே முறைத்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு.

வீடு தென்காசிப் பக்கம், மலையடிவாரம். மழைக்காலத்தில் கொய்யா மரத்துக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் நடுவே ஒரு பெரிய வலை எழும்பும். வெயில் பட்டால் நூல் பொன் மஞ்சளாக மின்னும். நடுவில் தலைகீழாக ஒருத்தி: கருத்த உடலில் மஞ்சள் கோடு, காலையும் சேர்த்தால் என் உள்ளங்கை அகலம். நெபிலா பிலிபெஸ் என்பது விலங்கியல் பெயர்.

"மேலே மூத்திரம் பெய்தால் கொப்புளம் வரும், கலைத்துவிடு" என்றார் அத்தை. அந்தக் கொப்புளம் பல நேரம் மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் பெடரஸ் என்ற சின்ன வண்டின் வேலை. கழுத்தில் ஊரும்போது தெரியாமல் நசுக்கிவிட்டால் அதன் சாறு தோலைப் பொசுக்கிவிடும். சில நேரம் அது வெறும் அக்கி. பழி மட்டும் எட்டுக்கால் பூச்சிக்கு.

கலைக்கவும் பயம் என்பதால் தள்ளி நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவள் முதுகுப் பக்கம் திரிந்த பொடிப் பூச்சியைக் குஞ்சு என்று நினைத்திருந்தேன், புருஷனாம்! அரை சென்டிமீட்டர் தேறினால் அதிகம். அவள் உடம்பு மட்டுமே மூன்று, நான்கு சென்டிமீட்டர். வலையோரம் வெள்ளிப் பொட்டாக ஒட்டியிருந்தவை அர்ஜிரோடஸ் என்ற வேறு இனம். அவள் சட்டைசெய்யாத சின்னக் கொசுக்களைத் திருடித் தின்றே பிழைக்கின்றன.

ஒருநாள் துணிந்து, அவள் முன்னால் கையை ஆட்டினேன். அசையவில்லை. சற்று நேரத்தில் ஒரு சருகு வலையில் விழுந்தது. உடனே காலால் நூல்களைச் சுண்டிப் பார்த்தாள். போய் அறுத்துக் கீழே தள்ளினாள். வலை பின்னும் இந்த இனத்துக்குப் பார்வை மங்கல். நூலின் அதிர்வுதான் அவளுக்கு உலகம். வலையைத் தொடாதவரை நான் அவளுக்கு இல்லவே இல்லை. இத்தனை வருஷம் பயந்ததற்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. துணிக்கொடியை இரண்டடி தள்ளிக் கட்டினோம்.

குளியலறைச் சுவரில் வரும் தட்டை எட்டுக்கால் பூச்சிக்கு இந்தச் சலுகை கிடையாது. அது வலை கட்டாது, கரப்பானைத் தின்னும், முட்டைப் பையை வெள்ளை வில்லையாக வயிற்றடியில் சுமந்து திரியும். எல்லாம் தெரியும். ஆனால் அது ஓடுகிறதே! நான் கூப்பாடு போடுவேன். வீட்டுக்காரி வந்து, துடைப்பத்தில் ஏற்றித் தோட்டத்தில் விட்டுவிட்டு, "குளித்து முடியுங்கள், தண்ணீர் ஆறுது" என்பாள்.