முன்பே நிறுவியாயிற்று

கணித நிறுவல்களைக் கணினி சரிபார்க்கும்படி எழுத உதவும் லீன் மொழியில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு கேள்விக்குறி. நிறுவல் எழுதிக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் முட்டி நின்றால், 'எக்ஸாக்ட்' என்று தட்டி அதன் வாலில் அந்தக் குறியைப் போட்டால் போதும். கணினி நூலகத்தைத் துழாவி, 'இதைப் போட்டுப் பார்' என்று ஒரு துணைத் தேற்றத்தின் பெயரை நீட்டும். அதை யாரோ எப்போதோ நிறுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நமக்கு வேண்டியிருந்ததெல்லாம் அது இருக்கிறது என்ற தகவல்தான்.

2017-இல் தொடங்கிய, லீனுக்கான மேத்லிப் நூலகத்தில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தேற்றங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் விதிப்படி பெயர். இடம் மாற்றிக் கூட்டினாலும் விடை மாறாது என்பது 'ஆட்_காம்'. பூச்சியத்தோடு எதைக் கூட்டினாலும் அதுவே வரும் என்பது 'ஸீரோ_ஆட்'. இந்த ஒழுங்கில்தான் லீனில் நிறுவல் எழுதும் ஏஐ தடுக்கி விழுகிறது. அசல் பெயரைப் போலவே தோன்றும் ஒரு பெயரை அது ஊகித்து எழுதிவிடும். அப்படியொரு தேற்றமே இருக்காது. லீன் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. தெரியாத பெயர் என்று அங்கேயே நிறுத்திவிடும். ஏஐ ஏஜென்ட்டின் கையில் ஒரு தேடுகருவியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது இதனால்தான்.

யோவாகிம் பிரைட்னர் உருவாக்கிய லூகிள் என்ற தேடுகருவியில் சொல்லைத் தேட வேண்டியதில்லை, வடிவத்தையே தேடலாம். √?அ × √?அ என்று கொடுத்துப் பாருங்கள். கேள்விக்குறி போட்ட 'அ' என்னவாகவும் இருக்கலாம், ஆனால் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். அந்த வடிவம் உள்ள தேற்றங்கள் வரிசையாக வந்து நிற்கும். பெருக்கினால் 'அ'வே வரும் என்று சொல்லும் தேற்றத்தோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கும்: 'அ' பூச்சியத்துக்குக் குறையக் கூடாது. லீனில் குறை எண்ணின் வர்க்கமூலம் பூச்சியம் என்று வைத்திருக்கிறார்கள். நிபந்தனையை விட்டால் தேற்றமே பொய்யாகிவிடும். பெயரை மட்டும் ஊகிப்பவருக்கு இந்த நிபந்தனை கண்ணில் படாது. லீன்சர்ச் என்ற இன்னொரு தேடுகருவியில் வடிவம்கூட வேண்டாம், சாதாரண வாக்கியமாகக் கேட்டாலே போதும்.

இதையெல்லாம் பார்க்கும்போது என் மனம் ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவரிடம் போய் நிற்கிறது. லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஆசிரியர். கணித முடிவுகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட 'சினாப்சிஸ்' 1886-இல் நிறைவு பெற்றது. ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் எண். எண்கள் இடையிடையே தாண்டித் தாண்டி 6165 வரை போகின்றன. நிறுவல் என்று பல இடங்களில் இருப்பது, முன்னால் வந்த இன்ன எண்ணைப் பார் என்ற குறிப்பு மட்டுமே. அந்த நிறுவல்கள்தான் புத்தகத்தில் சுவை மிகக் குறைந்த பகுதி என்பது கணிதவியலாளர் ஹார்டியின் கருத்து. எனக்கு அவைதான் புத்தகத்தின் உயிர். சரியான எண்ணைச் சுட்டிவிட்டால் நிறுவல் முடிந்தது என்று கார் நம்பினார். லீனும் அப்படித்தான் நம்புகிறது. கார் அதோடு விடாமல், தம் நூற்றாண்டின் ஆய்விதழ்களில் வந்த கணிதக் கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக ஓர் அட்டவணையும் சேர்த்தார். தேடுகிறவன் மேல் அவ்வளவு கரிசனம் இருந்தால்தான் ஒருவர் அந்த வேலையில் உட்காருவார்.

கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்த இந்தப் புத்தகம் 1903 வாக்கில் ராமானுஜன் கைக்கு வந்தது. அதன் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. இங்கிலாந்து போகுமுன் அவர் செய்த சிறந்த வேலைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே பிறர் கண்டவை என்று ஹார்டி மதிப்பிட்டார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தானாகக் கண்டடைவதில் ஆனந்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முப்பத்திரண்டு வயதில் முடிந்துபோன ஒரு வாழ்க்கையில், இருக்கிறதைத் தேடிப் பார்க்க வழியில்லாததால் போன ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஏஜென்ட்டும், தேட வழியில்லாவிட்டால், நூலகத்தில் ஒரு வரியில் இருப்பதைப் பத்து வரிகளில் மறுபடி நிறுவிக்கொண்டிருக்கும். இயந்திரத்துக்கு அதனால் சோர்வு கிடையாது. விரயம் என்னவோ விரயம்தான். 2023-இல் வந்த லீன்டோஜோவின் ரீபுரூவர் என்ற நிறுவல் எழுதும் ஏஐ, ஒவ்வோர் அடிக்கும் முதலில் உதவக்கூடிய தேற்றங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பிறகே எழுதத் தொடங்குகிறது. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. தேடுவதைக் கணிதத்துக்கு வெளியே நடக்கும் எடுபிடி வேலையாக நினைக்கிறோம். அது கணிதமேதான்.

லூகிளுக்கும் லீன்சர்ச்சுக்கும் கட்டணம் கிடையாது. இணைய இணைப்பும் ஒரு கைபேசியும் போதும். வீட்டில் கணிதம் படிக்கிற பிள்ளை இருந்தால், அந்த வர்க்கமூலத்தை ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள்.