பிள்ளை திணறுகிறானா, இணையம் திணறுகிறதா?

"டீச்சர், இன்னும் வேகமான இணையத் திட்டத்துக்கு மாறிடலாமா?" என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டதுண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது முதல் இக்கேள்வி ஓயவில்லை. மாதந்தோறும் கூடுதலாகப் பணம் கட்டச் சொல்லும் விடயமாதலால் வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலுள்ள பழைய ரௌட்டரை வைத்துச் சில மாதங்கள் சோதனை செய்து பார்த்தேன். (நம்மவர் பலர் இப்பெட்டியை 'மோடம்' என்றே அழைக்கின்றனர், அதுவும் ஒருவகையில் பொருந்தும்.) அதன் பயனாக இன்று ஓரளவு துணிந்து விடை கூற இயலுகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு வேகம் போதும். வரிசைதான் சீராக இல்லை.

இச்சோதனையில் இறங்கியதற்குக் காரணம் ஒரு மாணவன். சனிக்கிழமை மாலைகளில் பேச்சுப் போட்டிக்குரிய பிள்ளைகளுக்கு இணையவழி வாசிப்புப் பயிற்சி நடத்துகிறேன். வகுப்பறையில் ஆற்றொழுக்காக வாசிக்கும் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் திரையில் மட்டும் திக்கினான். 'மழை' என்றானா 'மலை' என்றானா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. கேள்வி கேட்டால் விடை வர நெடுநேரம் ஆயிற்று. "இவனுக்குப் பயம் டீச்சர், வீட்ல அதட்டி வைக்கிறேன்" என்றார் தாயார். அதட்ட வேண்டாம் என்று அன்றே தடுத்துவிட்டேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றவர்களுக்கு 'காத்திருப்பு நேரம்' என்னும் கருத்து நினைவிருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய் திறவாதவர்களும் பேசத் தொடங்கினர். நாம் பொறுப்பதே ஒரு நொடி என்றால், அந்த நொடியில் முக்கால் பங்கை இணையம் விழுங்கிவிட்டால் என்னாகும்? விடை தெரிந்த பிள்ளை மந்தமானவனாகத் தோன்றுவான். நாமும் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுவிடுவோம்.

அவ்வீட்டில் நான் செய்யச் சொன்னது எளிய சோதனை. கணினியில் 'பிங்' என்னும் கட்டளையை ஓடவிட்டு, ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். எவரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது 20 மில்லி நொடிக்குச் சற்று மேல் காட்டியது. மூத்தவர் தம் கைப்பேசியிலிருந்து காணொளிகளை மேலேற்றத் தொடங்கியதும் அதே எண் 700ஐத் தாண்டிற்று. இணைப்பு அறுபடவில்லை, வேகமும் குறையவில்லை. பிள்ளையின் குரல் மட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

இதனைப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையை வைத்தே விளக்கிவிடலாம். ஒரே வரிசை. முன்னால் நிற்பவர் நாற்பது பொட்டலம் நாசி லெமாக் வாங்க வந்தவர். பின்னால் நிற்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரே ஒரு குவே போதும். ஆனாலும் அப்பிள்ளை நாற்பதும் கட்டி முடியும்வரை நிற்கத்தான் வேண்டும். இணையத்திலும் தரவு பொட்டலம் பொட்டலமாகவே செல்கிறது. ரௌட்டரிலும் மோடத்திலும் பொட்டலங்கள் காத்திருக்கும் இடத்தை இடையகம் என்பர். ஒரு மெகாபைட் இடையகம் நிரம்பியிருக்க, மேலேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்று கொள்வோம். ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். ஆக, வரிசையின் கடைசியில் சேரும் பொட்டலம் 0.8 நொடி காத்திருக்கும். கணக்கு அவ்வளவே.

இந்நோய்க்கு 'பஃபர்புளோட்' என்று பெயர்; இடையக வீக்கம் எனலாம். ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதனைக் கண்டு உலகறியச் செய்தார். கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் 2012இல் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டனர். அம்முறையின் நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்றே பார்க்கிறது. 100 மில்லி நொடிக் காலம் முழுதும் காத்திருப்பு 5 மில்லி நொடிக்குக் கீழ் இறங்கவே இல்லையெனில், ஒரு பொட்டலத்தைக் கைவிட்டுவிடும். கைவிடுதல் என்றதும் அஞ்ச வேண்டாம். அனுப்பும் கணினிக்கு அதுவே "மெல்லப் போ" என்னும் குறிப்பு. விடுபட்டதை அது மீண்டும் அனுப்பிக்கொள்ளும். இதனுடன் ஒவ்வோர் உரையாடலுக்கும் தனித்தனி வரிசை என்பதைச் சேர்த்து எரிக் டுமாசே எழுதிய நிரல், அதே 2012இல் லினக்ஸில் இடம்பெற்றது. ரௌட்டரில் இவற்றையெல்லாம் சோதிக்கவென்றே 'செரோடபிள்யூஆர்டி' என்னும் ஆய்வு நிலைப்பொருளை நடத்தியவர் டேவ் தாட். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தார். நம் வீட்டுப் பிள்ளைகளின் குரல் தெளிவாகக் கேட்பதில் அன்னாரின் உழைப்பும் உண்டு.

நான் சோதித்தது 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்னும் கட்டற்ற நிலைப்பொருளை. அதில் 'கேக்' என்ற முறை உள்ளது. 2018இல் வெளிவந்த லினக்ஸ் 4.19இல் சேர்க்கப்பட்டது. முதலில் நம் இணைப்பின் உண்மையான வேகத்தை அளந்து, அதில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை வரம்பாக இட வேண்டும். வேகத்தை நாமே ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று என் கணவரும் கேட்டார். நெரிசல் எங்கே உண்டாகிறதோ அங்கேதான் வரிசை உருவாகும். அவ்விடம் நிறுவனத்தாரின் பெட்டியாக இருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய இயலாது. சற்றே குறைத்தால் வரிசை நம் பெட்டிக்கு வந்துவிடும். ஒழுங்குபடுத்துவது பிறகு நம் கையில்.

என் வீட்டில் மேலேற்ற வரம்பை 10இலிருந்து 9 மெகாபிட் ஆக்கியதும், நெரிசலின்போது 700க்கு மேல் நின்ற எண் 30ஐ ஒட்டி வந்தது. கேக்கில் எனக்குப் பிடித்த இன்னொரு கூறு, கருவிக்குக் கருவி சமப்பங்கு. அண்ணனின் கைப்பேசி முப்பது தொடர்புகளைத் திறந்து வைத்திருந்தாலும் தம்பியின் ஒரே தொடர்புக்குரிய பங்கு குறையாது. இதற்கெனத் தனியே ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தானாக நடப்பதில்லை. பிள்ளைகள் பலருள்ள வீடுகளில் பாதிச் சண்டை இதனால் ஓயும்.

மாணவனின் தந்தையார் விவரங்களைக் கேட்டறிந்து, இணங்கி, தம் சொந்த ரௌட்டரிலேயே இதை நிறுவினார். மறுவாரம் அவன் ழகரம் துல்லியமாகக் கேட்டது. ளகரத்தில் மெய்யாகவே சிறு குறை இருப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இவ்வேலை ரௌட்டரின் செயலியை வாட்டும். என் பழைய பெட்டியில் பதிவிறக்க வேகம் 100 மெகாபிட்டைக்கூட எட்டவில்லை. 300, 500 எனத் திட்டம் எடுத்தவர்கள் வேகச் சோதனையில் எண் குறைவதைக் கண்டு ஏமாந்துபோனதாக எண்ணக்கூடும். உங்கள் ரௌட்டரின் துல்லியமான மாதிரி எண்ணுக்குரியதல்லாத நிலைப்பொருளை ஏற்றினால் பெட்டி வெறும் செங்கல்லாகிவிடும். நிறுவனம் தந்த பெட்டியில் கைவைக்காமல் அதன் பின்னால் உங்களுடையதை வைப்பதே நலம். மேலும், சோதனை நிலையிலுள்ள ஒன்றை, அதைப் புரிந்துகொள்ளாத வீட்டில் நான் நிறுவித்தர மாட்டேன். இரவு ஒன்பது மணிக்கு இணையம் நின்றால் அந்த அம்மா யாரை அழைப்பார்?

தோட்டப்புறத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் வீட்டில் கம்பி இணைப்பே இல்லை, 4ஜி ரௌட்டர்தான். அங்கே காலையில் 20 மெகாபிட், இரவில் 3 மெகாபிட் எனக் காற்றுக்கு ஆடும் விளக்குப்போல் வேகம் மாறுகிறது. நிலையான 90 விழுக்காடு என்பதற்கு அங்கே பொருளில்லை. இதற்கென்றே 'கேக்-ஆட்டோரேட்' என்னும் சிறு நிரலைத் தன்னார்வலர்கள் எழுதியுள்ளனர். அது ஓயாமல் தாமதத்தை அளந்து, கூடினால் வரம்பைக் குறைக்கிறது. நெரிசல் இல்லாதபோது மெல்ல உயர்த்துகிறது. அம்மாணவியின் மாமா தொழில்நுட்பம் அறிந்தவராதலால் இருவரும் சேர்ந்து முயன்று பார்க்கிறோம். மழை பெய்யும் மாலைகளில் வரம்பு தேவைக்கு மேல் இறங்கி, மீண்டும் எழ நெடுநேரம் எடுக்கிறது. எந்தக் கீழ்வரம்பு பொருந்தும் என்று வாரமொரு முறை எண்ணை மாற்றிக் குறித்துவருகிறோம். இவ்வாரம் 2 மெகாபிட்.